'தேய்' என்று தேடினால்: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் இணையத் தேடல்

1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்த இந்த அகராதியை சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். படிப்படியான குறைவைச் சொல்லும் 'தேய்' என்ற ஒரு சொல்லை வைத்தே இதன் தரத்தை அளந்துவிடலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 'தேய்கிறது', 'தேய்ந்து' என்று உள்ளிட்டால் தலைச்சொல் தேடலில் கிடைக்காது. பகுதியான 'தேய்' மட்டும் போதும். தேய்தல், தேய்த்தல் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். அருகிலுள்ள 4, 11 என்ற எண்கள் வினை விகற்பத்தை, அதாவது வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறும் வகையைக் குறிப்பவை: 4 என்றால் தேய்ந்தது, 11 என்றால் தேய்த்தது. இதைப் பொருள் எண் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம்.

தன்வினையில் உரைசுதல், குறைதல், மெலிதல், அழிதல் என்று பொருள் விரியும் வரிசை அருமை. உராய்வில் தொடங்கிய சொல் நிலவுக்கும் உடம்புக்கும் எப்படிப் போனது என்பது அதிலேயே விளங்கிவிடுகிறது. பிறவினைக்குக் குறள் 555-இன் 'செல்வத்தைத் தேய்க்கும் படை' நல்ல சான்று.

குறை ஒன்று உண்டு. எதனோடு எது சேரும் என்பதை இது கற்பிக்காது. நீர் வற்றும், ஒளி மங்கும், சினம் தணியும், செருப்பு தேயும். விலையோ குறையும், 'விலை தேய்ந்தது' என்று யாரும் எழுதுவதில்லை. பொருள் விளக்கம் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தாலும், புதிதாகத் தமிழ் கற்பவர் இதை மட்டும் நம்பினால் இந்த இடத்தில்தான் வழுக்குவார். அவருக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் தற்கால அகராதி ஒன்றும் கட்டாயம் வேண்டும்.