சிக்னல் குறைபாட்டைக் காட்டி கைபேசி ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொண்ட அனுபவம்

கைபேசியும் இணைப்பும் சேர்ந்த இரண்டாண்டு ஒப்பந்தம் ஒன்றிலிருந்து, வீட்டுக்குள் சிக்னல் போதவில்லை என்ற ஒரே காரணத்தை முன்வைத்து, இடைமுறிவுக் கட்டணம் ஏதும் செலுத்தாமல் அண்மையில் வெளியேறினேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஒரு முகவரியில் திணறும் நெட்வொர்க் அடுத்த தெருவிலேயே நன்றாக வேலை செய்யக்கூடும் என்பதால், பெயரை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. ஒப்பந்தக் காலத்தில் பாதிக்கு மேல் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வெளியே இந்த இணைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. டேட்டா வேகம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடும். அழைப்பவர்களுக்கு நான் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அறிவிப்பு வரும். என் கைபேசியோ ஒலிக்கவே ஒலிக்காது. பிறகு எப்போதாவது பால்கனிப் பக்கம் போகும்போது, தவறிய அழைப்புகளைப் பற்றிய குறுஞ்செய்திகள் மொத்தமாக வந்து விழும். வங்கியின் ஓடிபி, அதன் ஆயுள் முடிந்த பிறகு வரும்; மீண்டும் கேட்டால் பழையதும் புதியதும் ஒன்றாக வந்து எது செல்லும் என்று தெரியாமல் குழப்பும். இவற்றோடு பேட்டரியும் மாலைக்குள் தீர்ந்துவிடும். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது கைபேசி தன் அலைபரப்புத் திறனைக் கூட்டிக்கொண்டே போகும். 4ஜி கைபேசிகளில் வழக்கமான உச்சவரம்பு ஏறத்தாழ 200 மில்லிவாட். டவருக்கு அருகில் இருந்தால் அதில் மிகச் சிறு பகுதியே போதும்.

இணைப்பு வாங்கும்போது விற்பனையாளர் கவரேஜ் வரைபடத்தைத் திறந்து, என் முகவரி, உள்ளரங்கிலும் நல்ல கவரேஜ் என்று பொருள்படும் அடர்ந்த நிறத்தில் இருப்பதைக் காட்டினார். அந்த வரைபடங்கள் பெரும்பாலும் ஒவ்வோர் இடத்திலும் அளந்து போடப்பட்டவை அல்ல. டவரின் உயரம், திசை, அலைவரிசை, நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைக் கொண்டு கணினி போடும் கணிப்புகள். சுவருக்குள் என்ன நடக்கும் என்பதை அவற்றால் தோராயமாக மட்டுமே சொல்ல முடியும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவர்களைக் கடந்து ஓரளவு உள்ளே வந்துவிடும். 2600, 3500 போன்ற உயர்ந்தவை வேகத்தில் சிறந்தவையானாலும் கம்பி கட்டிய கான்கிரீட்டிலும், வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இடப்பட்ட சன்னல் கண்ணாடியிலும் பெருமளவு தங்கிவிடும். தெருவில் பறக்கும் நெட்வொர்க் படுக்கையறையில் முடங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

புகார் கொடுக்கும் முன் அளவீடு எடுத்துவிட வேண்டும் என்பதே இந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொது விதி கிடையாது, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்னும் பகுதியில் சிக்னல் வலிமை டிபிஎம் அலகில் எண்ணாகவே இருக்கும். எண் எதிர்க்குறியில் வருவதால், பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுதல் என்று பொருள். 4ஜியில் மைனஸ் 90 அளவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 110க்குக் கீழே போனால் அழைப்புகள் அறுபடத் தொடங்கலாம். ஒவ்வொரு 10 அலகுக்கும் திறன் பத்து மடங்கு குறைகிறது என்பதைக் கவனத்தில் கொண்டால்தான் இந்த எண்களின் கனம் புரியும். என் வீட்டில் பால்கனியில் மைனஸ் 97, கூடத்தில் மைனஸ் 111, படுக்கையறையில் மைனஸ் 119. பத்தடி தூரத்துக்குள் திறன் நூறு மடங்குக்கு மேல் கரைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எண் நன்றாக இருந்தும் மாலை நேரத்தில் மட்டும் இணையம் நகரவில்லை என்றால், அது ஒரே டவரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் வரும் நெரிசல். சிக்னல் குறைபாடு அல்ல. இரண்டையும் ஒரே புகாரில் கலந்தால், வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்ற ஒப்பந்த வரியைக் காட்டி மொத்தப் புகாரையும் ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே நான் இணையத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அழைப்பு வராதது, அறுபடுவது, குறுஞ்செய்தி தாமதமாவது ஆகிய மூன்றை மட்டும் தேதி, நேரம், அறை, அளவீடு ஆகியவற்றோடு எழுதி வந்தேன். குறை கைபேசியில் இல்லை என்பதற்கு, வேறொரு நிறுவனத்தின் சிம்மை என் கைபேசியிலும், என் சிம்மை வேறொரு கைபேசியிலும் போட்டு, அதே படுக்கையறையில் எடுத்த திரைப்பிடிப்புகளையும் சேர்த்தேன். பிற்பாடு எழுந்த ஒவ்வொரு மறுப்புக்கும் இந்தச் சோதனைதான் பதிலாக நின்றது.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. "சார், போனை ஒருமுறை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்பதில் தொடங்கி, நெட்வொர்க் அமைப்புகளை அழித்து மீட்பது, சிம்மை மாற்றுவது என்று ஒரு வரிசை இருக்கிறது, ஒவ்வொரு முறையும் புதியவர் ஒருவர் அதை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, முன்னால் இருக்கும் திரை கேட்கச் சொல்வதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். புகார் எண்ணை வாங்காமல் மட்டும் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது.

அடுத்ததாக, டவருக்குப் பதில் வீட்டு இணையத்தின் வழியாகப் பேசும் வைஃபை அழைப்பைத் தீர்வாக முன்வைத்தார்கள். நல்ல தொழில்நுட்பம்தான், சில வாரங்கள் அதை நம்பியே இருந்தேன். ஆனால் மின்சாரம் போனால் ரவுட்டரோடு கைபேசியும் ஊமையாகிவிடும். பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினால், கைமாற்றிக்கொள்ள வலுவான 4ஜி சிக்னல் இல்லாததால் அழைப்பு அறுந்துவிடும். தவிர, வேறொரு நிறுவனத்துக்கு நான் தனியாகக் கட்டணம் கட்டும் இணையத்தின் வழியாகத்தான் இந்த நிறுவனத்தின் சேவை எனக்கு வந்து சேரும் என்றால், இவர்களுக்குக் கட்டும் மாதக் கட்டணம் எதற்கு என்பதை அவர்களிடமே கேட்டேன். கடையில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை நான் நாடவில்லை. அனுமதியற்ற கருவிகள் டவருக்கே இடையூறு செய்யும் என்பதால் பல நாடுகளில் அவற்றுக்குத் தடை இருக்கிறது.

தொழில்நுட்பப் பிரிவிலிருந்து எழுத்தில் ஒரு பதில் வந்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. குறிப்பிட்ட முகவரியில் கட்டடத்துக்குள் கவரேஜ் போதவில்லை என்றும், அங்கே மேம்பாட்டுத் திட்டம் தற்போது இல்லை என்றும் அவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் நூறு முறை கேட்டாலும் கிடைக்காத வாசகம் அது. மின்னஞ்சலில் கேட்டதால் கிடைத்தது. அதையும், முகவரிக்கு உள்ளரங்கில் நல்ல கவரேஜ் என்று காட்டிய வரைபடத்தின் திரைப்பிடிப்பையும் இணைத்து, எல்லா இடத்திலும் சேவைக்கு உறுதியில்லை என்ற பொது நிபந்தனை, குறிப்பிட்ட முகவரிக்குச் சொல்லி விற்றதை ரத்து செய்யாது என்று எழுதினேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பு, ஒப்பந்தத்தில் சொன்ன தரத்துக்கும் உண்மையான தரத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தொடர்ந்து இருந்தால் கட்டணமின்றி முறித்துக்கொள்ளும் உரிமையைப் பயனருக்கு அளிக்கிறது. எல்லா நாட்டிலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. அவரவர் நாட்டின் விதியைத் தேடிப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுவது நல்லது.

இடைமுறிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். கைபேசிக்கான மீதித் தவணையைக் கட்டச் சொன்னார்கள். கருவி என்னிடமே இருக்கிறது, ஆகவே அது நியாயம். இங்கே கவனிக்க வேண்டியது வரிசை: ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகு எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றக் கோர வேண்டும், பழைய இணைப்பை முதலில் ரத்து செய்தால் எண்ணே கைவிட்டுப் போகலாம். சிறிய நிறுவனங்கள் பல, பெரிய நிறுவனங்களின் டவர்களையே வாடகைக்குப் பயன்படுத்துகின்றன. நீங்கள் விட்டு வந்த அதே டவருக்குப் புதுப் பெயரில் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் மாறிய பிறகும், கணினி தானாகவே இடைமுறிவுக் கட்டணத்தோடு கடைசி பில்லை அனுப்பியது. ஒப்புதல் மின்னஞ்சலைத் திருப்பி அனுப்பியதும் அதை நீக்கினார்கள்.

புதிய இணைப்பில் படுக்கையறையில் மைனஸ் 102 வருகிறது. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். வெளியே டேட்டா வேகமும் பழையதைவிடக் குறைவு. ஆனால் கைபேசி ஒலிக்கிறது, ஓடிபி நேரத்துக்கு வருகிறது. இம்முறை எடுத்திருப்பது மாதாமாதம் நீட்டித்துக்கொள்ளும், ஒப்பந்தமற்ற திட்டம்.