தலைக்கு மேல் கம்பியா, காலுக்குக் கீழ் கேபிளா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு, சென்னைப் புறநகரில் புதைவடம் (மண்ணுக்கடியில் ஓடும் மின்கேபிள்) கேட்காத குடியிருப்போர் சங்கம் அரிது. கேட்பது நியாயம்தான். ஆனால் மண்ணுக்குள் போனதும் பழுது தீர்ந்துவிடாது, கண்ணுக்கு மறைந்துவிடும்.

கம்பத்து லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்தாலும், கம்பிகளை இணைக்கும் ஜம்பர் கருகினாலும் லைன்மேன் கீழிருந்தே பார்த்துவிடுவார். பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. அபாயம் அறுந்து விழும் கம்பியில் இருக்கிறது. காய்ந்த தரையில் கசியும் மின்னோட்டம் ஃப்யூஸை உருக்கப் போதாது, கம்பி உயிரோடே கிடக்கும். 11 கே.வி. (11,000 வோல்ட், உயர் அழுத்த) லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். பிற்பாடு நீட்டிக் கட்டும் பால்கனி அதைத் தின்றுவிடுகிறது.

புதைவடத்தில் கேபிளை விட, இரு துண்டுகளை இணைக்கும் ஜாயிண்ட்தான் அதிகம் படுத்தும். மழை நாளில் திறந்த குழியில் போட்டால் ஈரம் உள்ளே தங்கும். கேபிளின் மின்காப்பு மேலுள்ள அரைக்கடத்தி உறையைச் சரியாகச் சீவாவிட்டால் காற்றிடைவெளி விழும். இரண்டுமே மெல்ல அரித்து ஒருநாள் வெடிக்கும். அப்போது மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) எந்த ஃபேஸ் பழுது என்று பார்த்து, துடிப்பு அனுப்பித் தூரம் கணித்து, உயர் அழுத்தம் கொடுத்துத் தரையில் 'டொம்' என்ற சத்தம் எங்கே என்று தேடி, பிறகுதான் தோண்ட வேண்டும். 11 கே.வி.யில் ஆர்.எம்.யூ. (கேபிள் துண்டுகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் உதவும் சுவிட்ச் பெட்டி) வளையம் இருந்தால் பழுதான துண்டை ஒதுக்கி மறுபக்கத்திலிருந்து ஊட்டலாம். வீட்டுக்கு வரும் எல்.டி. (குறைந்த அழுத்த) கேபிளுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

ஆழமும் முக்கியம்: எல்.டி.க்கு 75 செ.மீ., 11 கே.வி.க்கு 90 செ.மீ., சுற்றிலும் மணல், மேலே செங்கல் அல்லது பலகைக்கல், அதற்கு மேல் எச்சரிக்கை நாடா. ஒன்றரை அடியில் புதைத்துவிட்டுப் போனால் அடுத்த குடிநீர்க் குழாய் வேலையில் ஜே.சி.பி. கண்டுபிடித்துவிடும்.

நடுவழியும் உண்டு: கம்பத்திலேயே ஓடும், உறையிட்ட ஏ.பி. கேபிள். கிளை உரசினால் பொறி பறக்காது, கொக்கி போட்டுத் திருடவும் கடினம். மரமே சாய்ந்தால் இதுவும் விழும்தான்.

தண்ணீர் தேங்கும் குறுகிய தெருக்களுக்கு எங்கள் தேர்வு: 11 கே.வி. மண்ணுக்குள், எல்.டி. ஏ.பி. கேபிளில். அகலத் தெருவில் முழுப் புதைவடம் கேட்கலாம். ஆனால் 2015 வெள்ளம் சுவரில் விட்ட கறையை முதலில் அளந்து, பில்லர் பாக்ஸின் (வீடுகளுக்கு மின்சாரம் பிரியும் தெருவோரப் பெட்டி) பீடமும் ஆர்.எம்.யூ.வின் பீடமும் அதற்கு மேலே வருமா என்று பாருங்கள். வராவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், கேபிள் நன்றாக இருந்தாலும்.