மியூசிக் மேகஸின் ப்ராஜெக்ட்: மார்கழியா, கானாவா, பழைய பாட்டுப் புத்தகமா?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற தம்பிங்க ரெண்டு பேர் கேட்டாங்க, மியூசிக் மேகஸின் ஒண்ணு பண்ணணும்னா, 16 பக்கம், எந்த டாபிக் எடுக்கலாம்னு. நாங்களும் இதே ப்ராஜெக்ட்ல டாபிக்குக்காகவே ரெண்டு வாரம் சண்டை போட்டோம், அதனால விவரமா சொல்றேன். சினிமா பாட்டு விமர்சனத்தை முதல் நாளே விட்டுட்டோம், மியூசிக் டைரக்டரைப் பிடிச்சு பேட்டி எடுக்க முடியாது, போட்டோவும் நெட்ல இருந்துதான் ஒட்டணும்.

மார்கழி சீசன்தான் உள்ள நுழையறதுக்கு ஈஸி. மியூசிக் அகாடமி 1928ல இருந்து இருக்கு, டிசம்பர் நடுவுல ஆரம்பிச்சு ஜனவரி 1 வரைக்கும் கச்சேரி, அதுவும் மதிய கச்சேரி நிறைய சபால ஃப்ரீ, பாடறவங்களும் கிட்டத்தட்ட உங்க வயசுதான், முடிஞ்சதும் கேன்டீன் வாசல்லயே நின்னு பேசுவாங்க. ஆனா பிப்ரவரில ப்ராஜெக்ட் ரிவ்யூன்னா டிசம்பர்லயே எல்லாத்தையும் எடுத்து முடிச்சிருக்கணும், விட்டா அடுத்த வருஷம்தான். ராகத்தைப் பத்தி எழுதி 1983ல ஆரம்பிச்ச ஸ்ருதிங்கற சங்கீதப் பத்திரிகை கூட போட்டி போட முடியாது, அதுக்குப் பதிலா மிருதங்கத்துக்கு தோல் மாத்தறவரைத் தேடிப் போனா உங்களுக்குன்னு ஒரு கதை கிடைக்கும்.

பாட்டுப் புத்தகம் பாக்கறதுக்கு ரொம்ப அழகு. தரமணில ரோஜா முத்தையா நூலகத்துல பழைய சினிமா பாட்டுப் புத்தகமெல்லாம் இருக்கு, ரெண்டு பக்கத்துக்கு கதைச்சுருக்கம் போட்டு, சரியான இடத்துல நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு முடிச்சிருப்பான், அந்த எழுத்து, அந்த பார்டர், டிசைன் பண்றவனுக்கு விருந்து. குறை என்னன்னா 16 பக்கமும் பழசாவே போயிடும், பேசறதுக்கு ஆளே இருக்காது.

வடசென்னைத் தெருப்பாட்டான கானாதான் என் சாய்ஸ், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற பேண்ட் 2018 ஜனவரில மேடை ஏறின பிறகு வடசென்னைக்கு வெளியவும் இதை கவனிச்சு கேக்கறாங்க, ஆனா சாவு வீட்டுல ராத்திரி முழுக்க பாடற கானா மேடைக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. நாங்க வியாசர்பாடில ஒரு அண்ணன் வீட்டுக்குப் போனோம், ரெக்கார்டரை எடுத்து வச்சதும் வாயே திறக்கல, டீ குடிச்சிட்டு அரை மணி நேரம் சும்மா பேசிட்டு இருந்தோம், அப்புறம் அவரே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவுத்துப் போட்டு விரலால தட்டிக்கிட்டே செத்துப்போன ஃப்ரெண்டுக்கு கட்டின பாட்டைப் பாடினார், அதுல அவன் பேர், தெரு, மூட்டை தூக்கின இடம் எல்லாம் வருது, அந்த அண்ணனோட அம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னாங்க. இது எந்த சபாலயும் எங்களுக்குக் கிடைக்கல.

கஷ்டமும் இதுலதான் ஜாஸ்தி. ஒரு தடவை போனா வேலை நடக்காது, மூணு நாலு தடவை போகணும், கேமராவை முதல் நாள் எடுக்கவே கூடாது. பாட்டை அச்சுல போடலாமான்னு கேட்டு, எழுதினவர் பேரைப் போட்டே ஆகணும். பாடறவர் பேச்சை திருத்தி எழுத்துத் தமிழாக்குற வேலை வேணவே வேணாம், எங்க டீம்ல ஒருத்தன் அப்படி மாத்தினதுல பாட்டோட தாளமே போயிடுச்சு, ராத்திரி உக்காந்து பழையபடி டைப் அடிச்சோம்.

பக்கம் கட்டற சாஃப்ட்வேரான இன்டிசைன்ல தமிழ் அடிக்கறப்போ வேர்ல்ட் ரெடி கம்போசர்ங்கற செட்டிங்கை ஆன் பண்ணிக்கோங்க, இல்லன்னா கொம்பெல்லாம் இடம் மாறி நிக்கும். தாளை மடிச்சு நடுவுல சென்டர் பின் அடிக்கறதால பக்கம் நாலின் மடங்கா இருக்கணும், 16 ஓகே, 18 ஆகாது. அதுல எதிரெதிரா வர்ற பக்கங்கள்ல 8, 9 ரெண்டும்தான் ஒரே தாள்ல வரும், கானா பாட்டை அந்த நடுப்பக்கத்துல, தரமணில பாத்த பாட்டுப் புத்தகம் மாதிரியே பார்டர் கட்டி போடுங்க.