அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ்: நவோயேவை ஆடும் விதமும் கேம் சறுக்கும் இடங்களும்

யூபிசாஃப்ட் கியூபெக் உருவாக்கிய இந்தக் கேம் 2025 மார்ச் 20 அன்று வெளியானது. இதில் ஆடுவதற்கு இரண்டு பேர்: ஜப்பானின் இகா நாட்டு ஷினோபி (நிஞ்சா) புஜிபாயாஷி நவோயே, போர்த்தலைவர் ஓடா நோபுநாகாவிடம் பணிபுரிந்த ஆப்பிரிக்க சாமுராய் யாசுகே. கேமின் உயிர் நவோயேவிடம்தான் இருக்கிறது. இந்தத் தொடரில் ஒளிந்து ஆடும் ஆட்டம் இவ்வளவு நன்றாக அமைந்தது இவளால்தான்.

கதை இருண்டது. 1581இல் நோபுநாகாவின் படை இகாவுக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்துகிறது. இது வரலாற்றில் உண்மையாகவே நடந்த படையெடுப்பு. தந்தை எடுத்துவரச் சொன்ன பெட்டியை முகமூடிக்காரர்களிடம் பறிகொடுக்கும் நவோயே, தந்தையையும் இழக்கிறாள். அவள் கையில் மிஞ்சுவது மறைகத்தியும் பழிவெறியும். இந்தத் தொடக்கப் பகுதி அருமை. அதன்பின் முகமூடிக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கொல்வதே கதை என்றாகிறது. எந்த வரிசையிலும் கொல்லலாம் என்று விட்டுவிட்டதால் ஒரு கொலையின் கனம் அடுத்ததில் தெரிவதில்லை. நடுப்பகுதி தொய்வதற்கு இதுவே காரணம். விதிவிலக்கு, சாக்காய் நகரத் தேநீர் விருந்து. அதில் நுழைய நவோயே சடங்கின் முறைகளைக் கற்க வேண்டும், தகுந்த உடையும் பரிசும் தேர்ந்தெடுக்க வேண்டும். கத்தி எடுக்காமலே பதற்றம் ஏறுகிறது.

ஆரம்பிக்கும் முன் அமைப்புகளில் நான்கு விஷயங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஸ்டெல்த் (ஒளிந்து ஆடும்) கடினத்தை ‘எக்ஸ்பர்ட்’டில் வையுங்கள், அப்போதுதான் காவலர்கள் நிமிர்ந்து கூரையையும் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஓட்டின்மேல் நடந்தே எந்தக் கோட்டையையும் முடித்துவிடலாம், கேம் செத்துவிடும். ‘கேரன்டீட் அசாசினேஷன்’ என்ற தேர்வைப் போடுங்கள். அது இல்லாமல் பல அடுக்கு உயிர்க்கோடு உள்ள சாமுராயைப் பின்னாலிருந்து குத்தினால் ஒன்றிரண்டு அடுக்குதான் குறையும். உடனே வாள்சண்டை ஆரம்பமாகும். இரண்டையும் சேர்த்து வைத்தால் நெருங்குவது கடினம், நெருங்கிவிட்டால் சாவு உறுதி. ஷினோபி கேம் இப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றாவது ‘இம்மர்சிவ்’ முறை: ஜப்பானியர் ஜப்பானிய மொழியிலும் பாதிரிமார் போர்த்துக்கீசிலும் பேசுவார்கள். நான்காவது ‘கேனன்’ முறை: உரையாடல் தேர்வுகளைக் கேமே செய்துவிடும், கதை ஒரே ஓட்டமாகப் போகும். இதைப் புது ஆட்டம் தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி இருட்டு. திரையில் இருக்கும் சிறு குறி, நீங்கள் வெளிச்சத்தில் நிற்கிறீர்களா நிழலிலா என்று காட்டும். முழு நிழலில் இருந்தால் காவலர் அருகில் வந்தும் கவனிக்க மாட்டார். அதனால் கோட்டைக்குள் முதல் வேலை ஆளைக் கொல்வது அல்ல, விளக்கை அணைப்பது. எட்டத்தில் தொங்கும் விளக்கை ஷுரிகென் (எறி நட்சத்திரம்) வீசி உடைக்கலாம், கைக்கெட்டும் விளக்கை ஊதி அணைக்கலாம். தரையோடு தரையாக ஊர்ந்தால் குட்டையான புல்லும் மறைக்கும், உயர்த்திக் கட்டிய வீடுகளின் தரைக்கடியிலும் நுழையலாம். காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக் கதவோடு சேர்த்தே குத்தலாம். குளத்தில் மூழ்கி மூங்கில் குழலில் மூச்சுவிட்டுக் காத்திருக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் அதே குளம் உறைந்திருக்கும். கூரையோரப் பனிக்கூம்பு உடைந்து விழுந்து சத்தம் போடும். மழை பெய்தால் காலடி ஓசை அமுங்கும். பருவம் மாறும்போது தெரிந்த கோட்டைக்கே வேறு வழி தேட வேண்டியிருப்பது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

நேர்ச்சண்டையில் நவோயே பலவீனமானவள். யாசுகே மாதிரி வாளைப் பிடித்துக்கொண்டு அடி தாங்க அவளால் முடியாது. சரியான நொடியில் அடியைத் தட்டிவிட வேண்டும், அல்லது விலக வேண்டும். எதிரி தாக்க வரும்போது சிவப்பு மின்னல் தெரிந்தால் விலகுவது மட்டுமே வழி. நான்கைந்து பேர் சூழ்ந்தால் சுற்றி வீசும் குசாரிகாமா (சங்கிலி கட்டிய அரிவாள்) உதவும், ஒற்றை ஆளுக்குக் கட்டானா வாள், விரைந்து குத்த டான்டோ என்ற குறுவாள். மாட்டிக்கொண்டால் புகைக்குண்டு போட்டு, அந்தப் புகைக்குள்ளேயே இரண்டு பேரை முடித்துவிட்டுக் கொக்கிக் கயிற்றில் ஏறிவிடுங்கள். நின்று சண்டை போடுவதால்தான் பலரும் தோற்கிறார்கள்.

திறன் மரத்தில் (புள்ளி கொடுத்துத் திறன் வாங்கும் பட்டியல்) முதல் புள்ளிகளை ‘அசாசின்’ கிளையில் போட்டு, ஒரே நேரத்தில் இருவரைக் கொல்லும் திறனை வாங்குங்கள். காவலர்கள் பெரும்பாலும் ஜோடியாகவே நிற்பார்கள். அடுத்து ‘டூல்ஸ்’ கிளையில் குனாய் என்ற எறிகத்தி. மேல்படித் திறன்கள் புள்ளி இருந்தாலும் திறக்காது. ‘நாலெட்ஜ்’ படி உயர வேண்டும். அதற்குக் கோயில்களில் ஏடு சேகரிப்பது, சன்னதிகளில் வணங்குவது, குஜி-கிரி என்ற கைமுத்திரைத் தியானம் ஆகியவை வழி. இவற்றில் குஜி-கிரியை விடாதீர்கள், நவோயேவின் சிறுவயது நினைவுகள் அங்கேதான் வருகின்றன. ஏடு பொறுக்குவது வெறும் நடை.

பெரிய கோட்டைகளில் சாமுராய் டைஷோக்கள் (காவல் தலைவர்கள்) எல்லாரையும் கொன்றால்தான் புதையல் பெட்டி திறக்கும். வேலைக்காரர்கள் உங்களைப் பார்த்தால் காவலரைக் கூப்பிடுவார்கள். அவர்களைக் கொல்லத் தேவையில்லை, மயக்கமடையச் செய்தால் போதும்.

தேடலுக்கு வரைபடத்தில் குறி இருக்காது. ‘இந்த ஊருக்குத் தெற்கே, ஆற்றோரம்’ என்பதுபோல் துப்பு வரும். அந்த இடத்தைக் கண்ணால் குறுக்கிவிட்டுப் பிறகே இலக்கைத் தேடித் தரும் ஒற்றர்களை அனுப்புங்கள், இல்லாவிட்டால் வீணாகப் போவார்கள். குறுக்குவழி என்று காட்டு மலைச்சரிவில் ஏறப் பார்க்காதீர்கள். புதர் கண்ணை மறைக்கும், கால் வழுக்கும், கடைசியில் சாலைக்கே திரும்ப வேண்டியிருக்கும். உலகம் இவ்வளவு அழகாக இருந்தும் அதில் பாதிக்குள் நடக்க முடியாதது கேமின் பெரிய குறை.

பிஎஸ்5இல் பெர்ஃபார்மன்ஸ் முறை நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகிறது, ஒளிந்து ஆட அதுவே போதும். நவோயேவும் யாசுகேயும் தங்கும் இருப்பிடத்துக்குள் மட்டும் 30க்கு இறங்கிவிடும். அது டிவியின் கோளாறு அல்ல. பிசியில் 115 ஜிபி எஸ்எஸ்டி இடமும் 16 ஜிபி ராமும் வேண்டும்.

நவோயேவின் சொந்தக் கதையில் முக்கியமான ஒரு முடிச்சை மூலக் கேம் அவிழ்க்காமலே விடுகிறது. அதன் தொடர்ச்சி 2025 செப்டம்பர் 16 அன்று வந்த ‘கிளாஸ் ஆஃப் அவாஜி’ விரிவாக்கத்தில் இருக்கிறது. நவோயேவுக்கு நீண்ட தடி என்ற புது ஆயுதமும் அதில் கிடைக்கிறது. கதைக்காக வாங்குபவர்கள் இரண்டின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தள்ளுபடி வரும்வரை காத்திருந்தாலும் தவறில்லை.