புளியரை ஏற்றத்தில் இடது முட்டி

போன வாரம் புனலூரிலிருந்து நண்பன் போன் செய்தான். “மாப்ளே, வரி கொறைச்ச பெறகு உன் வண்டி வெல நல்லா எறங்கிருக்காம்ல. எடுத்துரட்டுமா?” என்று கேட்டான். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான வரி, செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆகிவிட்டது. கணிசமான குறைப்புதான். யாருக்கும் ஆசை வரும். ஆனால் அவனும் என்னைப் போல ஆறடியைத் தாண்டியவன். அதனால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்தேன்.

என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். 2019-இல் வண்டியை எடுத்தேன், இப்போது 83,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டியின் பெயரை எழுதவில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிகளில் அதுவும் ஒன்று. பிரானூரில் எங்களுக்கு மரக்கடை. மர வேலையாக வாரம் இரண்டு முறையாவது செங்கோட்டையிலிருந்து புனலூர் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வழியாகப் போகும் மலைப்பாதை. ஆகவே இது நேரான ரோட்டில் ஓட்டியவன் சொல்லும் கருத்து இல்லை.

இன்ஜின், ஏ.சி., மைலேஜ் எதிலும் குறை சொல்ல முடியாது. சமவெளியில் லிட்டருக்கு 17, மலையில் 14 தருகிறது. வழியில் ஒரு நாளும் என்னை நிறுத்தியதில்லை. ஆரியங்காவு மழையில் வைப்பர் ஓயாமல் ஆடும் மாதங்களிலும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்த்திருக்கிறது.

தலைக்கு இடம் இருப்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். இவ்வளவு சின்ன வண்டியில் என் தலைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிறது. அதற்குக் காரணம் உண்டு. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் இருக்கும், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.யைத் தாண்டாத கார்களுக்குக் கலால் வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். நீளத்துக்கு அப்படி ஒரு கோடு விழுந்த பிறகு இடம் வேண்டுமென்றால் மேலேதான் போக வேண்டும். கூரையை உயர்த்தி, ஆளை நாற்காலியில் உட்கார வைப்பது போல நிமிர்த்தி உட்கார வைத்தால் கால் முன்னால் நீளாமல் கீழே இறங்கும். இடுப்பு மடங்கும் இடத்தை வண்டி வடிவமைப்பவர்கள் எச்-பாயின்ட் என்பார்கள். அதை எவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். சன்ரூஃப் வைத்த மாடலை மட்டும் வாங்கிவிடாதே. அந்தக் கண்ணாடியைத் தாங்கும் சட்டகம் கூரையிலிருந்து தின்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நமக்கு மிகப் பெரியது.

சரி, இனி முட்டி.

இந்த வண்டியில் ஸ்டீயரிங் மேலும் கீழும்தான் அசையும். நம் பக்கமாக இழுக்க முடியாது. வாங்கும்போது நான் இதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. ஆறு வருடமாக ஒவ்வொரு பயணத்திலும் இதைத்தான் நினைக்கிறேன். காலுக்கு இடம் வேண்டும் என்று சீட்டைக் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளினால் கை எட்டாது. முதுகைச் சீட்டில் முழுக்கச் சாய்த்து, கையை நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியில் வைத்தால் மணிக்கட்டு அதன் மேல் படிய வேண்டும். அதுதான் சரியான தூரம். எனக்கு விரல்தான் படுகிறது. கை எட்டட்டும் என்று சீட்டை முன்னால் இழுத்தால், கிளட்சை மிதிக்கக் காலைத் தூக்கும்போது இடது முட்டி ஸ்டீயரிங் தண்டின் மூடியில் போய் இடிக்கிறது. வலது முட்டி, கண்ணாடி இறக்கும் சுவிட்சுகள் இருக்கும் கதவு விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கிறது. ஸ்டீயரிங்கை மேலே தூக்கிப் பார்த்தேன். முட்டிக்குக் கொஞ்சம் வழி கிடைத்தது, ஆனால் வட்டத்தின் மேல் விளிம்பு ஸ்பீடோமீட்டரை மறைத்துவிட்டது.

சீட்டின் உயரத்தை மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் இறக்கினால் முட்டி ஏறுகிறது. ஏற்றினால் உள்கண்ணாடி சரியாகக் கண் மட்டத்துக்கு வந்து, இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் வண்டியையே மறைக்கிறது. எது ஆபத்து குறைவு என்று யோசித்து, சீட்டை இறக்கியே வைத்திருக்கிறேன்.

புளியரையில் இது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர், மேலே போய்ச் சேரும் வரை பாதிக் கிளட்ச். ஒவ்வொரு மிதிக்கும் அந்த மூடியில் ஒரு இடி. எஸ் வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது வட்டத்துக்கும் தொடைக்கும் நடுவே கை சிக்கும். முதல் வருடத்திலேயே கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் பக்கம் நிறுத்திக் காலை உதறிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. கும்பிடத்தான் நிறுத்துகிறேன் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். கும்பிடவும் செய்வேன், ஆனால் நிறுத்தியது முட்டிக்காக.

இது வசதிக் குறைச்சல் மட்டும் இல்லை என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றும்போது வலது முட்டி எங்காவது தட்டினால் அந்த அரை நொடி யாருடைய உயிர்? தலைக்கு அண்டை கொடுக்கும் மெத்தையும் சீட்டோடு ஒன்றாகத் தைத்தது, தூக்க முடியாது. அதன் உச்சி காதின் மேல் விளிம்பு மட்டத்துக்காவது வர வேண்டும். எனக்குப் பிடரிக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் கழுத்து பின்பக்கம் மடங்குவதை எது தடுக்கும்?

எங்கள் பட்டறையில் ஆசாரியிடம் நாற்காலி வேண்டும் என்றால் அவர் முதலில் கேட்பது, “யாருக்கு?” என்றுதான். சாதாரணமாக உட்காரும் பலகை 18 அங்குல உயரம். ஆள் நெட்டை என்றால் ஒரு அங்குலம் கூட்டுவார், பலகையின் ஆழத்தையும் கூட்டுவார், தொடை அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பார். காரை ஒரு ஆளுக்காகச் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தானே நகரும் சீட்டும் அசையும் ஸ்டீயரிங்கும் வந்தன? சீட்டின் தண்டவாளம் இன்னும் மூன்று அங்குலம் பின்னால் ஓடியிருக்கலாம். பின் சீட்டில் கால் நீட்ட இடம் என்று காட்டி விற்க வேண்டும் என்பதால் அதை அங்கேயே நிறுத்திவிட்டார்கள் என்பது என் முடிவு. ஷோரூமில் முன் சீட்டை முன்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் பின் கதவைத் திறந்து காட்டினார்கள். நானும் அம்மா தாராளமாக உட்காரலாம் என்று அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

80,000 கிலோமீட்டர் தாண்டிய பிறகு ஓட்டுநர் சீட்டின் பஞ்சு அமுங்கி, இடுப்பு ஒரு அங்குலம் இறங்கி, முட்டி இன்னும் மேலே வந்தது. சர்வீஸில் கேட்டால் முழுச் சீட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். தென்காசியில் ஒரு குஷன் கடை பாயிடம் கொண்டுபோனேன். அவர் என்னை உட்கார வைத்து, பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, ஒங்க தொடையில பாதி சீட்டுக்கு வெளிய நிக்கி. வலிக்காம எப்படி இருக்கும்?” என்றார். ஆறு வருடத்தில் என் உடம்பைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். அமுங்கிய பஞ்சை எடுத்துவிட்டுக் கெட்டிப் பஞ்சு வைத்தார். சீட்டின் முன் விளிம்பை இரண்டு அங்குலம் நீட்டி, பின்னால் போகப் போகக் குறைந்து வரும்படி ஒரு ஆப்பும் வைத்துத் தைத்தார். ஏற்கெனவே அந்தரத்தில் நின்ற தொடைக்குக் கீழே முட்டுக் கொடுத்தது போல இருக்கிறது. முட்டி இதனால் உயரவில்லை. தொடைவலி முழுக்கப் போய்விட்டது. போன சனிக்கிழமை முதல் தடவையாகக் கோட்டைவாசலில் காலை உதறாமல், கும்பிடு மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆனால் மூடியில் இடிப்பது இன்றும் இருக்கிறது. அதைப் பஞ்சால் தீர்க்க முடியாது.

இன்னொரு பட்டறையில் சீட்டின் தண்டவாளத்தைக் கழற்றி, இரும்புப் பட்டை வெல்டிங் வைத்து மூன்று அங்குலம் பின்னால் தள்ளித் தருகிறேன் என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது, மறுத்துவிட்டேன். மோதும் வேகத்தில் நம் எடையைப் பிடித்து நிறுத்துவதில் அந்த நான்கு போல்ட்டுகளுக்கும் பங்கு உண்டு. நீயும் அந்த வேலையைச் செய்துவிடாதே.

ஆக, எடுக்கலாமா என்று கேட்டாய். எடுக்காதே. மேலே எழுதிய நல்லதெல்லாம் உண்மைதான். நான் இதை விற்கப்போவதில்லை என்பதும் உண்மை. அம்மாவுக்குப் பின் சீட் பழகிவிட்டது, எனக்கும் பாய் தைத்த சீட் பழகிவிட்டது. நீ ஏன் இதைப் பழக்கிக்கொள்ள வேண்டும்? வரி குறைந்ததில் மிச்சமாகும் பணத்தைப் போட்டு, ஸ்டீயரிங்கை நம் பக்கம் இழுக்கக்கூடிய வண்டியாகப் பார். மேல் வேரியண்டில்தான் கிடைக்கும் என்றால் மேல் வேரியண்டையே எடு. பெரிய திரை, நிறம் மாறும் விளக்கு எதையும் பார்க்காதே, அந்த ஸ்டீயரிங் தண்டு நீளுகிறதா என்று மட்டும் பார்.

அப்புறம், டெஸ்ட் டிரைவுக்குப் புனலூர் டவுனுக்குள் ஒரு சுற்று போய்விட்டு வராதே. தென்மலை தாண்டிக் கொண்டுபோ. பதிமூன்று கண் பாலம் தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் கால் மணி நேரம் ஊர்ந்து பார். நீ வழக்கமாகப் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போ. முன் சீட்டை உனக்குச் சரியாக வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் உன் அண்ணனை உட்கார வை. அவ்வளவு தூரம் தர மாட்டோம் என்று ஷோரூமில் சொன்னால், என் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். இதில் ஏறி ஓட்டிப் பார்.