“தானாக நடக்கும்” என்றார்கள்: ஏழு வருடம் பார்த்தவளின் அனுபவம்

சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தகவல் முறைமையையும் திறந்த அணுக்கக் களஞ்சியத்தையும் இணைத்து ஏழு வருடமாகிறது. விளக்க வந்தவர், “பேராசிரியர் ஒரு தடவை ஏற்றினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்” என்றார். அந்தத் ‘தானாக’வைப் பார்த்துக்கொள்வதுதான் அன்றிலிருந்து நூலகத்தில் என் வேலை.

இரண்டும் வேறு வேறு தேவைக்குப் பிறந்தவை. தகவல் முறைமை ஆய்வு அலுவலகத்தின் கணக்குப்புத்தகம்: யார், எந்தத் துறை, எந்த மானியம், வருடத்துக்கு எத்தனை கட்டுரை. பியூர், சிம்ப்ளெக்டிக் எலிமென்ட்ஸ் என்ற மென்பொருள்கள் எல்லாம் இந்த வகை. களஞ்சியம் நூலகத்தின் பிள்ளை. கட்டுரையை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிப் படிக்கலாம். களஞ்சிய மென்பொருள்களில் 2000இல் சவுத்தாம்ப்டனில் இபிரிண்ட்ஸ் வந்தது, 2002இல் எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து டிஸ்பேஸை வெளியிட்டன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியம் ஓடும் டிஸ்பேஸ்-கிரிஸ், இரண்டு வேலையையும் ஒரே கூரைக்குள் செய்வது. எங்களிடம் இருப்பது இரண்டு தனி வீடு, நடுவில் ஒரு பாலம். எந்த மென்பொருள் என்று சொல்லப்போவதில்லை. கீழே வரும் தொல்லைகளில் பாதி எதை வாங்கினாலும் வரும்.

முதலில் நல்லது. முன்பெல்லாம் ஒரே கட்டுரை விவரத்தை ஆண்டு மதிப்பீட்டுக்கு ஒரு தடவை, மானிய அறிக்கைக்கு ஒரு தடவை, எங்களுக்கு ஒரு தடவை என்று விரிவுரையாளர்கள் தட்டச்சு செய்தார்கள். எங்களுக்கு மட்டும் பெரும்பாலும் செய்யவே மாட்டார்கள். இப்போது கிராஸ்ரெஃப், ஸ்கோபஸ் என்ற உலகளாவிய கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து விவரம் தானே வந்து விழுகிறது. அவர்கள் ‘ஆமாம், என்னுடையதுதான்’ என்று ஒரு சொடுக்கு போட்டால் இரவோடு இரவாகக் களஞ்சியத்துக்கு வந்துவிடும். இங்கே பொது மானியத்தில் செய்த ஆய்வென்றால் கட்டுரை வெளியாகி 12 மாதத்துக்குள் திறந்து வைக்க வேண்டும். யார் இன்னும் வைக்கவில்லை என்று கண்டுபிடிக்க முன்பு இரண்டு வாரம் ஆகும். இப்போது கோப்பி ஆறுவதற்குள் பட்டியல் கையில். இந்த ஒன்றுக்காகவே பழைய முறைக்குத் திரும்ப மாட்டேன்.

ஆனால் பாலத்தில் வருவது கட்டுரையின் விவரம். கோப்பை ஆள்தான் ஏற்ற வேண்டும். ஏற்றச் சொன்னால் பத்துப் பேரில் பாதிப் பேர் பதிப்பகத்தின் அழகான பிடிஎஃபையே போடுகிறார்கள். பல பதிப்பகங்கள் அனுமதிப்பது, மதிப்புரை முடிந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட, பதிப்பகம் வடிவமைப்பதற்கு முந்தைய ஆசிரியர் படியை மட்டும். அதைக் கேட்டால், “அது மாணவரிடம் இருந்தது, அவர் ஊருக்குப் போய்விட்டார்” என்று பதில் வரும். ஆக, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பதும் பதிப்பக விதியைச் சரிபார்ப்பதும் இன்னும் எங்கள் தலையில்தான்.

தேதிக்கு வருவோம். கட்டுரை இணையத்தில் வந்த நாள் ஒன்று, இதழில் அச்சான நாள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதம்கூட இருக்கலாம். பதிப்பகத்துக்காகத் திறக்காமல் காத்திருக்கும் காலத்தை எங்கள் பாலம் அச்சு நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. 12 மாதத்தில் திறக்க வேண்டியவை 20 மாதம் பூட்டிக் கிடந்தன. கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. பூட்டிய கதவைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை, பாருங்கள்.

அப்புறம் பெயர். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? இந்த முறைமைகளோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அடையாள அட்டையில் எஸ்/ஓ போட்டு அப்பா பெயர் இருந்தால், அப்பா குடும்பப் பெயர் ஆகிவிடுவார். ஒரு தடவை அந்த எஸ்/ஓவே சாய்கோட்டை இழந்து ‘சோ’ என்று நடுப்பெயராக நின்றது. தமிழ்க் கல்வி ஆய்வில் இருக்கும் மூத்த விரிவுரையாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“என்னம்மா, நான் எழுதினதெல்லாம் எங்கப்பா எழுதினதா இருக்கே? அவர் துறைமுகத்துல மூட்டை தூக்கினவரும்மா.”

“ஐயா, ஆர்கிட் எண் எடுத்தீங்களா?”

“எடுத்தேனே. போன வருஷம் நீதானே எடுத்துக் கொடுத்தே?”

எடுத்துத்தான் கொடுத்திருந்தேன். ஆர்கிட் என்பது ஆய்வாளருக்குரிய 16 இலக்க அடையாள எண், முன்னால் பூஜ்யங்களாக நிற்கும். பெயர் எப்படி மாறினாலும் ஆள் மாறாது. ஆனால் யாரோ நடுவில் இருக்கும் கோடுகளை நீக்கி, பட்டியலை எக்செலில் போட்டிருக்கிறார்கள். எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் நிற்கும் பூஜ்யங்களை விழுங்கிவிடும். எண் எக்ஸ் (X) என்ற எழுத்தில் முடிகிறவர்கள் மட்டும் தப்பினார்கள், எக்செல் அதை எழுத்து என்று நினைத்துக்கொண்டதால். அன்று மாலை முழுக்க முந்நூற்றுச் சொச்சம் பேரின் எண்ணில் தொலைந்த பூஜ்யங்களைத் திரும்ப வைத்தேன்.

ஐயாவின் எண்ணைச் சரிசெய்தபோதுதான் அடுத்ததைக் கவனித்தேன். அவர் எழுதியதில் பாதிகூட முறைமையில் இல்லை. தமிழ் ஆய்விதழ்களுக்கும் மாநாட்டு மலர்களுக்கும் பெரும்பாலும் டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண் கிடையாது. ஸ்கோபஸ் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கமே வராத கட்டுரை இந்தப் பக்கம் எப்படி வரும்? உட்கார்ந்து தகவல் முறைமையில் கையால் ஏற்றினோம். 90களின் கட்டுரைகள் வேறு பாடு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகக் கொட்டுகிறது. எல்லாம் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய அந்தக் காலத்து எழுத்துரு. இணையத் தமிழுக்கான தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது இந்த ஊரில். தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான நா. கோவிந்தசாமி வேலை பார்த்தது இங்கே தேசியக் கல்விக் கழகத்தில். அதே காலத்துத் தமிழ்க் கட்டுரையை அதே ஊரில் தேடினால் கிடைக்காது என்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

பிடிஎஃபிலிருந்து ஒட்டியதில் குப்பையாகிவிட்ட தலைப்புகளை ஒருங்குறியில் (யூனிகோட்) களஞ்சியத்திலேயே தட்டச்சு செய்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பழைய குப்பையே திரும்பி நிற்கிறது. இரவு ஓட்டத்தில் தகவல் முறைமை சொல்வதே வேதம். நான் திருத்தியதை அது ‘திருத்தி’விட்டது. இணைக்கப்போகிறவர்கள் மென்பொருள் பார்ப்பதற்கு முன்னால், எந்த விவரக் கட்டத்தில் எந்தப் பக்கம் எஜமான் என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பும் திறக்கும் தேதியும் எங்களுடையவை என்று வாங்கவே எங்களுக்கு மூன்று வருடம் போனது.

கடைசியில் ஐயாவின் 23 தலைப்புகளையும் தகவல் முறைமைப் பக்கமே மறுபடி தட்டச்சு செய்தேன். மூன்று வாரமாகத் தமிழாகவே நிற்கின்றன. காலையில் கணினியைத் திறந்ததும் மின்னஞ்சலுக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன்.