ஸ்போர்ட்ஸ் காருக்கு நவம்பரில் எந்த ரயர்: சமரா, ஓல் சீசனா, வின்ரரா?

ரொறன்ரோவில் ஒக்டோபர் முடியப் போகிறது என்றால் மஸ்ராங், கோர்வெற், ஜிஆர்86 வைத்திருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இன்னும் ஸ்நோ விழேல்லையே, சமர் ரயரோட ரெண்டு கிழமை ஓடலாம்தானே?" ஸ்நோவை வைத்து நாள் குறிப்பதுதான் பிழை. பார்க்க வேண்டியது விடியற்காலை வெப்பநிலையை.

கோர்வெற் கையேட்டைத் திறந்து பாருங்கள். அதில் வரும் சமர் ரயரை ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்குக் கீழே பாவிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். மைனஸ் 7க்குக் கீழே றப்பர் நெகிழ்ச்சியை இழந்து மேற்பரப்பில் வெடிப்பு விழலாம் என்றும் இருக்கிறது. குளிரால் வந்த வெடிப்புக்கு ரயர் கம்பனிகள் பொதுவாக உத்தரவாதம் தருவதில்லை. நாலு ரயரையும் கைக்காசில்தான் மாற்ற வேண்டும்.

இது ஏன் நடக்கிறது? தாரில் உள்ள சின்னக் கற்களுக்கு இடையில் றப்பர் பதிந்து எழும்பும்போதுதான் பிடிப்பு வருகிறது. சூடான வீதியில் நிலைத்து நிற்பதற்காக ஸ்போர்ட்ஸ் ரயரின் கலவையைக் கடினமாகும் வெப்பநிலை உயர்வாக இருக்கும்படி செய்கிறார்கள். அதனால் மற்ற ரயர்கள் இன்னும் மெத்தென்று இருக்கும் குளிரில் இது விறைக்கத் தொடங்கிவிடும். பார்க்கிங்கில் இதை நேரடியாகவே உணரலாம். குளிர்ந்த காலையில் ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டி மெதுவாகப் பின்னுக்கு எடுக்கும்போது முன் சில்லுகள் தத்தித் தத்தித் துள்ளும், 'டக் டக்' என்று கேட்கும். கியர்பெட்டி போய்விட்டது என்று பயந்து கராஜுக்கு ஓட வேண்டாம். உள் சில்லும் வெளிச் சில்லும் வேறு வேறு வட்டத்தில் சுற்ற வேண்டிய இடத்தில், அகலமான விறைத்த ரயர் வளைந்து கொடுக்காமல் வழுக்கி வழுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதே ரயரோடுதான் இன்னும் ஐந்து நிமிடத்தில் 401 நெடுஞ்சாலையில் ஏறப் போகிறீர்கள்.

7 பாகைக்குக் கீழே போனால் சமர் ரயரைக் கழற்றிவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் கணக்கை நான் வேதவாக்காக எடுப்பதில்லை. காய்ந்த வீதியில், 4, 5 பாகையிலும் நல்ல சமர் ரயர் வின்ரர் ரயரைவிடக் குறைந்த தூரத்தில் நின்ற ஒப்பீடுகள் உண்டு. வழியில் நிலைமை மாறும்போதுதான் ஆபத்து. பாலத்தின் மேல் உறைபனி, நிழல் விழுந்த வளைவில் ஈரம், திடீரென்று ஒரு ஸ்நோத் தூவல் என்று எது வந்தாலும் சமர் ரயர் படிப்படியாக எச்சரிக்காது, ஒரேயடியாகக் கைவிடும். சமரிலும் தரம் பிரிக்க வேண்டும். மிச்செலினின் பைலற் ஸ்போர்ட் 4எஸ் போன்ற வீதி ரயர் குளிர்ந்த காய்ந்த வீதியில் கவனமாக ஓடினால் வீடு கொண்டுவந்து சேர்க்கும். பந்தய ட்ராக்குக்காகச் செய்த, அதே கம்பனியின் கப் 2 போன்றதை 10 பாகைக்குக் கீழே நான் வெளியே எடுக்கவே மாட்டேன். "ஓடி ஓடிச் சூடாக்கலாம்" என்பார்கள். வீதி வேகத்தில் வருகிற சூடு சொற்பம், அதுவும் ஒரு சிவப்பு விளக்கில் நின்றால் போய்விடும்.

இனி ஓல் சீசன். இதில் கொன்ரினென்ரலின் டிடபிள்யூஎஸ்06 பிளஸ், மிச்செலினின் பைலற் ஸ்போர்ட் ஓல் சீசன் 4 போன்ற வேக ரகங்களைத்தான் சொல்கிறேன். கொன்ரினென்ரல் ரயரின் றப்பரில் டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்துகள் பொறித்திருக்கும்: காய்ந்த வீதி, ஈரம், ஸ்நோ. முதலில் அழிவது எஸ். அது அழிந்துவிட்டால், ரயர் பார்வைக்குப் புதிதுபோல இருந்தாலும் ஸ்நோவுக்கு உதவாது. பாவித்த ரயர் வாங்குபவர்கள் கட்டாயம் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது. ஜூலை வெயிலில் சமர் ரயரின் கூர்மை இதில் இல்லை, வளைவில் அது தெரியும். நவம்பரிலும் ஏப்ரலிலும் மனநிம்மதி இருக்கும். ஐசில் இதை நம்ப வேண்டாம்.

கியூபெக்கில் காரைப் பதிவு செய்தவர்களுக்கு இந்த யோசனைக்கே இடமில்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலையும் பனித்துகளும் வரைந்த சின்னம் உள்ள ரயர் அங்கே சட்டப்படி கட்டாயம். சேறும் ஸ்நோவும் என்று பொருள்படும் வெறும் 'எம் பிளஸ் எஸ்' குறி போதாது. ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் வின்ரர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ் கம்பனி கழிவு தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி 1 முதல் இருக்கிறது.

வின்ரர் ரயரில் ஸ்ரியரிங் சற்றுச் சோம்பலாகும், உண்மைதான். மெல்லிய வெட்டுகள் நிறைந்த மென்மையான றப்பர் அசையத்தான் செய்யும். ஜனவரியில் ஈரமான ஸ்நோவில் பிறேக் பிடித்துப் பார்த்தவர்கள் இந்தக் குறையைப் பேச மாட்டார்கள். தனி றிம்மில் போட்டுவைப்பது நல்லது. 18 அங்குலத்தில் ஓடும் ஜிஆர்86க்கு 17 அங்குல றிம் பொருந்தும், அதன் அடிப்படை மாடலே 17இல்தான் வந்தது. பக்கச்சுவர் உயர்வதால் வீதிப் பள்ளங்களில் றிம்மும் தப்பும். கோர்வெற் போன்றவற்றில் பெரிய பிறேக் இருப்பதால் சின்ன றிம் உள்ளே போகுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்சில்லு இழுக்கும் கார்தானே என்று பின்னுக்கு மட்டும் வின்ரர் போடுவது பெரிய பிழை. திருப்புவதும் பிறேக்கின் பெரும்பகுதியும் முன் ரயரின் வேலை. நாலு சில்லும் இழுக்கும் போர்ஷே என்றாலும் கிளம்பத்தான் அது உதவும், நிற்க அல்ல.

என் தீர்ப்பு இது. ஆண்டு முழுக்க அதே காரில் வேலைக்குப் போகிறவருக்குச் சமரும் வின்ரரும் இரண்டு செற். டிசம்பரில் காரை மூடிவைத்து ஏப்ரலில் எடுப்பவருக்கு ஓல் சீசன். ட்ராக்குக்குப் போகிறவர் சமரை வைத்திருக்கலாம், ஆனால் ஒக்டோபரிலேயே காரை நிறுத்திவிட வேண்டும்.

எதைப் போட்டாலும் காற்றைப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்தரைப் பாகை குளிர்ந்தால் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ (ரயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். செப்ரெம்பரில் 25 பாகையில் 35 நிரப்பியது, பூச்சியத்தில் 31க்கும் கீழே நிற்கும். சமர் ரயரோடு சூடேற்றாத கராஜில் நிற்கும் காரை ஜனவரியில் சும்மா முன்னுக்குப் பின்னுக்கு உருட்ட வேண்டாம். மைனஸ் 7க்குக் கீழே போன ரயரை, 5 பாகைக்கு மேல் உள்ள இடத்தில் குறைந்தது 24 மணித்தியாலம் வைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். அவசரப்பட்டு ஹீற்றர் காற்றை நேரே ரயரில் பிடிக்கவும் கூடாது.